அனுப்புவேன் என்று சொன்னவர்கள்

என் பெஞ்சுக்காரிக்கு,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணிடமிருந்து தைல வாசனை வந்தது. வெறும் கழுத்து வலியாகக்கூட இருக்கலாம். எனக்கோ ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கும்மிடிப்பூண்டி வரும்வரை கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக நீ என் வீட்டுக்கு வந்தபோது உன் மேல் இதே வாசனைதான்.

பொன்னேரியில் காலேஜ் கடைசி வருஷம் நாம் இருவரும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்டை நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு யார் வேலைக்குப் போவது, யார் சமைப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்று வகுப்பு முழுக்கக் கேள்வித்தாள் கொடுத்தோம். பையன்கள் எல்லாரும் பெரிய மனது பண்ணியிருந்தார்கள். ‘மனைவியை வேலைக்கு அனுப்புவேன்.’ ஒருத்தன் விடாமல் அதே வார்த்தை. பெண்கள் மட்டும் என்ன வாழ்ந்தது, ‘அனுப்பினால் போவேன்’ என்று எழுதியிருந்தார்கள், நான் உட்பட. நீ தாள்களை மேஜையில் ஓங்கி அறைந்தாய்.

“அனுப்புறதுக்கு நாம இன்னா பார்சலாடி? அவனுங்கள யாரு அனுப்பிக்கினு கீறாங்க?”

உன்னைப் பெண் பார்க்க வந்தவனும் ‘வேலைக்கு அனுப்புவேன்’ என்றுதான் சொன்னான். நீ தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்து அவன் அம்மா பூரித்துப்போனாள்.

கல்யாணமாகி ஏழு மாதம் கழித்து என் வாசலில் வந்து நின்றாய். இடது கண் வீங்கி மூடியிருந்தது. மேலுதட்டில் தையல். மணிக்கட்டில் தைலம் தடவித் துணி சுற்றியிருந்தாய். அவனைப் போலவே நீயும் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, சோறு வடிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டதாம்.

“கரண்டியாலயே அடிச்சான்டி. அனுப்புனவனுக்கு நிறுத்தவும் தெரியும்ன்றான். ரெண்டு நாள் உங்க ஊட்ல இருந்துக்கினு போறேன்.”

மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அடிபட்ட முகத்தோடு நீ கூடத்தில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி, போகப் போக சரியாயிடும்” என்று சொல்லி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

“நீயும் அனுப்புறியாடி” என்றாய். ஆட்டோ கிளம்பிவிட்டது.

நான்காம் நாள், காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி, ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டிருந்த உன்னைக் குழவிக்கல்லால் அடித்தான். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கார்டின் நாடா ரத்தத்தில் ஊறி உன் கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது. கார்டில் இருந்த போட்டோவில் மட்டும்தான் உனக்கு முகம் இருந்தது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து செத்தாய் என்கிறார்கள் அவன் வீட்டார். நாளை திருவள்ளூர் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அன்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்தான் என் கணவர். நேற்று சம்மனைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு, “கோர்ட்டுக்கெல்லாம் உன்ன அனுப்ப முடியாது” என்றார்.

“நான் போறேன்னுதான் சொன்னேன். அனுப்பச் சொல்லி யாரு கேட்டா?”

கையை ஓங்கினார். எட்டிப் பிடித்து, அவர் வலியில் முனகும்வரை திருகினேன். இன்னும் கொஞ்சம் திருகியிருந்தால் உடைந்திருக்கும். உடைக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. உனக்காக ஒருநாளாவது இந்தக் கோபம் எனக்கு வந்திருக்கலாம்.

அவனுடைய வக்கீல் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அடித்தான் என்றால் அவள் ஏன் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள் என்பார். “தெரியாதுன்னு சொல்லிடு, எதுக்கு பேஜாரு” என்கிறாள் என் அம்மா. உன் அம்மாவும் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் காதில் விழும்படிதான் சொல்லப்போகிறேன்.

“அவளா போகல சார். இருக்கறேன்னுதான் வந்தா. நான்தான் ஆட்டோ ஏத்திவுட்டேன்.”