சிவப்பு நூல் கட்டாத கேபிள்

மச்சான்,

இன்று காலை மேசை இழுப்பறையைக் கிளறியபோது சிவப்பு நூல் கட்டிய கேபிள் கையில் சிக்கியது. உன் மனைவியின் பழைய சேலை ஓரத்திலிருந்து நீ உருவிய நூல். முனையில் மூன்று முடிச்சுப் போட்டு, "இதுதான் நல்லது, மறுபடி ஏமாந்துறாத" என்று கொடுத்தாய். நீ போய் எட்டு மாதமாகிறது. நூல் இன்னும் வெளுக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தை எப்படி மறப்பேன்? தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மண் வெடித்திருந்த சரிவில் ஒரு கம்பம் நட்டு, அது சாய்ந்தால் போனுக்கு மெசேஜ் வரும்படி ஒரு பெட்டி செய்வோம் என்றாய். நம் பன்னிரண்டு காம்பராக் குடும்பங்களுக்கும் புது வீடு தருவதாகச் சொன்ன அதிகாரிகள், வந்து அளந்துவிட்டுப் போனதோடு சரி. தேயிலை ஃபெக்டரியில் மோட்டார் பார்க்கிற உனக்கும், பண்டாரவளை ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிற எனக்கும் கம்பியூட்டர் என்றால் படம் பார்க்கிற பெட்டி. ஆனாலும் பதுளைக்குப் போய் ஒரு பழைய லெப்டொப், உள்ளங்கையளவு பலகை ஒன்று, சிம் போடுகிற சின்னப் பலகை ஒன்று எல்லாம் வாங்கி வந்துவிட்டோம்.

புரோகிராம் எழுதும் மென்பொருளை இறக்க லயத்தில் சிக்னல் போதவில்லை. கோயில் மேட்டில் உட்கார்ந்து, போனைக் கல்லில் சாய்த்துவைத்து இறக்கினோம். முக்கால்வாசி வந்ததும் அறுந்துவிடும். மூன்று நாள் அப்படியே போனது. ஒருவழியாக இறக்கிப் பலகையைக் கேபிளில் மாட்டினால், மெனுவில் போர்ட் என்ற சொல் மட்டும் மங்கிக் கிடந்தது; பலகை மாட்டியிருப்பதே லெப்டொப்புக்குத் தெரியவில்லை. மலிவுப் பலகைக்குத் தனி டிரைவர் வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். அதையும் போட்டோம். அழித்துவிட்டு மறுபடி போட்டோம். லெப்டொப் அசையவில்லை.

"லைட் எரியுதே, அப்புறம் என்ன கேடு இதுக்கு?" என்று நான் பலகையைத் திட்டினேன்.

ஒரு நாள் கேபிளைக் காணாமல், என் பழைய போனோடு வந்த கேபிளை எடுத்து மாட்டினாய். போர்ட் உடனே வந்துவிட்டது. இரண்டு வாரமாக நம்மைப் படுத்தியது வெறும் சார்ஜ் கேபிள். மின்சாரம் போகும், பேச்சு போகாது. இருமல் வருமளவுக்குச் சிரித்துவிட்டுச் சொன்னாய்: "மச்சான், லைட் எரிஞ்சா பேசுதுன்னு அர்த்தமில்ல." அன்றைக்குத்தான் நல்ல கேபிளுக்கு நூல் கட்டினாய்.

கம்பம் நட்ட மறுவாரமே மெசேஜ் வந்தது. "மண்ணு வருது. எல்லாரும் வெளிய வாங்க." நீ கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாய். என் மாமியார் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் ரோட்டில் நடுங்கிக்கொண்டு நிற்க, மேலேயிருந்து மாரியாயி அக்கா வெற்றிலை மென்றபடி இறங்கி வந்தாள்.

"ஏன் எல்லாரும் ரோட்டுல நிக்கிறீங்க? யாரு செத்தது?"

கொழுந்தெடுத்த கூடையைக் கம்பத்தில் மாட்டிவிட்டு இளைப்பாறியிருக்கிறாள், அந்தப் பாரத்தில் கம்பம் சாய்ந்திருக்கிறது. நீ தலையில் கை வைத்தாய். மறுநாள் அவளே போய்க் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் குத்திவிட்டு வந்தாள். "இனி எவளும் கூடை மாட்டமாட்டா. சாமிக் கம்பமாயிருச்சு." நாம் எழுதிய எந்தப் புரோகிராமையும்விட அந்தக் குங்குமம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை.

மெசேஜ் உன் நம்பருக்கு மட்டும்தான். என் நம்பரையும் போடு என்றேன். "நீ தூங்குனா இடி விழுந்தாலும் எழும்பமாட்ட, உனக்கு எதுக்குடா?" என்றாய். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டி மூடியில் சேர்ந்த சருகைத் தள்ள நீ தனியாக மேலே போனாய். குளவிக் கூடு கலைந்து, மொத்தமும் உன்னைக் கொட்டிவிட்டது. கம்பளியில் கிடத்தி, லொறி வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் என் கையைப் பற்றியிருந்த உன் பிடி தளர்ந்துவிட்டது. அது தெரிந்தும் நான் ஓடினேன்.

உன் லெப்டொப்பை உன் அண்ணன் கொழும்புக்குக் கொண்டுபோய், பிள்ளையின் பாடத்துக்காக எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார். அவர்மீது குற்றமில்லை, உள்ளே நம் பெட்டியின் புரோகிராம் இருந்தது என்று அவருக்கு யார் சொன்னது? பதுளையில் போன் திருத்துகிற முஸ்லிம் நானாவிடம், மேலேயிருக்கும் பெட்டியைக் கொண்டுவந்தால் நம்பரை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "உள்ளுக்கு இருக்கிறது ஓடும் தம்பி. ஆனா அவர் எழுதினத எழுதின மாதிரி திருப்பி எடுத்து நம்பர மாத்த ஏலாது" என்றார். இருந்தாலும் கழற்றிப் பார்க்கலாம் என்று போனேன். மாரியாயி அக்கா குறுக்கே நின்றாள்.

"அவரு உயிரக் குடுத்த கம்பம். கை வைக்காதீங்க."

இப்போது அதற்கு மாலை போடுகிறார்கள். சாய்த்துச் சோதிக்கக்கூட யாரும் விடுவதில்லை. கண்ணாடி மூடி வழியே லைட் எரிவது மட்டும் தெரிகிறது. லைட் எரிந்தால் என்ன அர்த்தம் என்று நீதான் சொல்லித் தந்துவிட்டாயே.

புதிதாக ஒரு பெட்டி செய்யப் பார்த்தேன். கடை முதலாளியின் லெப்டொப்பை இரவல் வாங்கி, புதுப் பலகை ஒன்றை நூல் கட்டிய கேபிளில் மாட்டியதும் போர்ட் வந்தது. சின்ன விளக்கைச் சிமிட்ட வைத்தேன். இரண்டு மாதமாகியும் சிமிட்டியதோடு சரி. கம்பம் எவ்வளவு சாய்ந்தால் ஆபத்து, எத்தனை தரம் பார்த்துவிட்டு அனுப்புவது என்பதை கம்பம் நட்ட பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து கண்டுபிடித்தவன் நீ. எனக்கு அது வராது மச்சான். சரிவிலுள்ள வெடிப்பில் இப்போது என் கை முழங்கை வரைக்கும் போகிறது.

உன் மனைவி வெலிமடைக்குத் தன் தாய் வீட்டுக்குப் போகும் முன் உன் போனை நீட்டினாள். "இந்தாங்க அண்ணே. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருதான்னு ஓடுறேன். என்னால முடியல." வாங்கிக்கொண்டேன். அந்த மெசேஜுக்கு மட்டும் ஃபெக்டரிச் சங்கு ஊதும்படி நீ வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. பகலில் அது என் சட்டைப் பையில் பண்டாரவளைக்கு வருகிறது. என் மனைவி கொழுந்தெடுக்கும் மலையில் சிக்னல் இல்லை. கடையில் நிற்கும்போது அது ஊதினால், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலிருந்து நான் யாரை எழுப்புவேன்? இரவில் அதைச் சிக்னல் வரும் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு அதன் கீழேயே படுக்கிறேன். இடி விழுந்தாலும் எழும்பாதவனுக்கு இப்போது தூக்கமே கிடையாது.

நூல் கட்டாத அந்தக் கேபிளை நான் வீசவில்லை. அதில்தான் உன் போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறேன். லைட் எரிகிறது. உன் குரலுக்கு ஏங்கிக் கிடக்கிறேன், ஆனால் உன்னிடமிருந்து எனக்கு வரக்கூடிய ஒரே பேச்சு அந்த மெசேஜ்தான். அதனால் தினமும் படுக்கும் முன் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நீ பேசிவிடாதே.