பாதிப் படகின் முழுச் செலவு

மார்ச் 3, வெள்ளி

காலை பத்தரை மணிக்குப் படகைப் பட்டறையில் ஏற்றியாயிற்று. அடியில் இரண்டு இடங்களில் கசிவு, எஞ்சின் இருமுகிறது, சாயம் உரிந்துவிட்டது. பட்டறைக்காரர் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, நாற்பதாயிரம் ஆகும் என்றார். பாதி எனக்கு, பாதி சம்பந்திக்கு. வாங்கியதும் அப்படித்தான். என் மகளின் கல்யாணத்தன்று கரையில் நின்ற படகு ஒன்றை மாப்பிள்ளையின் அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஆசைப்படுகிறார் போலும் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறு காலை எட்டு மணிக்குப் படகில் போக அவர் வருவார். மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீருடன் நான் தயாராக இருப்பேன். இனிப்பு எனக்குப் பிடிக்காது; இருந்தும் அதையேதான் நானும் குடிப்பேன். வந்தவருக்குக் குறை வைக்கக் கூடாதல்லவா?

மார்ச் 6, திங்கள்

சம்பந்திக்கு இடுப்பு வலி. ஞாயிறுதோறும் படகின் வெறும் பலகையில் உட்கார்ந்து அவர் நெளிந்ததைக் காணச் சகிக்கவில்லை. தனியே பட்டறைக்குப் போய், சாய்மானம் வைத்த மெத்தை இருக்கை ஒன்று செய்யச் சொன்னேன். ஆறாயிரம். மொத்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள், முடிக்கும்போது என் பங்கில் ஏற்றிக்கொள்கிறேன், அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி வந்திருக்கிறேன். தெரிந்தால் கூச்சப்படுவார்.

மார்ச் 14, செவ்வாய்

பட்டறையிலிருந்து ஃபோன். ஐம்பத்தெட்டாயிரமாம். இருக்கையைச் சேர்த்தாலும் நாற்பத்தாறுதானே? “உள்ள பிரிச்சுப் பாத்தாத்தானே சார் தெரியும்” என்கிறார். வயிற்றைக் கிழித்துவிட்டு விலை பேசும் வைத்தியர்.

மார்ச் 18, சனி

எழுபத்தொன்பதாயிரம். எழுதவே கை வரவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

இன்றும் எட்டு மணிக்கு ஒருவரும் வரவில்லை. படகில்லாமல் அவர் ஏன் வரப்போகிறார்? தேநீர்ப் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 20, திங்கள்

நேரில் போனேன். படகு கட்டைகளின் மேல் கிடக்கிறது. மேலே கூரைக்கு இரும்புச் சட்டம்! எஞ்சின் பக்கத்தில் புத்தம் புதிய பேட்டரி! யார் சொன்னது என்று கேட்டேன். பட்டறைக்காரர் பிடரியைச் சொறிந்தார். “உங்க சம்பந்தி வந்துட்டுப் போனாரு சார். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

ஆக, அவர் வேலை. பாதிப் பணம் என்னுடையது. ஒரு வார்த்தை கேட்டாரா? எவன் கேட்டான் கூரை? நம்ம வீட்டுக் கூரையே ஒழுகுது. அதை அடைக்க வெச்சிருந்த பணத்துல படகுக்குக் கூரையா?

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு வேறு கவலை. “பொண்ணு குடுத்த எடம். நாளைக்கு அவ அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்கணுமா, வேண்டாமா? வாயை மூடிக்கிட்டுப் பாதியைக் கட்டுங்க. மழை பெய்ஞ்சா குண்டானை வெச்சுக்கலாம்.”

வாயை மூடிக்கொண்டேன். தூக்கம்தான் வரவில்லை.

மார்ச் 22, புதன்

மகள் பேசினாள். குரல் சரியில்லை.

“மாமா ரெண்டு நாளா தட்டுல கை வைக்கிறதும் எழுந்துக்கிறதுமா இருக்கார்ப்பா. நேத்து, ‘உங்கப்பாவுக்கு மெத்தை இல்லாம உக்கார முடியாதாமா’ன்னு கேட்டுட்டார். பன்னெண்டு வருஷத்துல உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வந்ததில்ல.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி. ரெண்டு பேரும் சேர்ந்து பட்டறைக்குப் போங்க, இல்ல அந்தப் படகைக் கொளுத்துங்க.”

எனக்கா மெத்தை? எனக்கா?

மார்ச் 25, சனி

காலை பதினொன்று. சம்பந்தி எனக்கு முன்பே வந்து பட்டறை வாசலில் நின்றார். “வாங்க சம்பந்தி.” “நீங்க முதல்ல போங்க சம்பந்தி.” வாசலிலேயே கால் மணி போயிருக்கும். பட்டறைக்காரர் பொறுமை இழந்து சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

“இவரு வந்து, உங்களுக்கு இடுப்பு வலி, மெத்தை போடுன்னாரு. போட்டேன். மறுநாள் நீங்க வந்து, இவருக்குத் தோள்பட்டை வலி, கயிறு இழுத்து எஞ்சின் கிளப்ப முடியல, பொத்தான் வைன்னீங்க. பொத்தானுக்கு பேட்டரி. பேட்டரிக்கு எடமில்லாம மெத்தையைப் பிரிச்சேன். அப்புறம் இவருக்கு வெயில் ஆகாதுன்னு கூரை. கூரைக் கால் ஊன மறுபடியும் மெத்தையைப் பிரிச்சேன். ரெண்டு பெரியவங்களும் சொல்லாதேன்னுட்டீங்க. நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்க?”

இருவரும் படகைப் பார்த்தோம். ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை.

“சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்றார்.

“சொல்லுங்க.”

“எனக்குப் படகே ஒத்துக்காது. வாந்தி வராம இருக்க மாத்திரை போட்டுட்டுத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வர்றேன். நீங்க ஆசைப்பட்டு வாங்கினீங்களேன்னு…”

“கல்யாணத்தன்னிக்கு அப்படிப் பாத்துக்கிட்டு நின்னீங்களே?”

“அன்னிக்கு எனக்குப் பல்வலி. எதையாவது பாத்துக்கிட்டு நிக்கணுமே.”

எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அப்போது சொன்னேன். கரை மறைந்தால் எனக்கு மூச்சு சீராக வருவதில்லை என்பதையும். பட்டறைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 3, திங்கள்

படகு விற்றாயிற்று. வாங்கியவர் ஒரு புகைப்படக்காரர். கூரையையும் மெத்தையையும் பொத்தானையும் பார்த்துத்தான் மயங்கினார். பட்டறைப் பாக்கி போக ஆளுக்கு நாலாயிரம் மிச்சம். வீட்டு ஒழுகலை அடைக்க ஆள் வரச் சொல்லிவிட்டேன். மகள் ஃபோனில் சிரித்தாள். நல்லது. ஆனால் இனி அவர் இங்கே வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. நல்ல நாள், துக்க நாள் என்றால்தான் பார்ப்போம். சம்பந்திகள் அப்படித்தானே? களைப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 9, ஞாயிறு

எட்டு மணிக்கு அழைப்பு மணி. சம்பந்தி நின்றார். “சும்மாதான்” என்றார்.

பழக்கம் விடவில்லை, தேநீர் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளைப் போட்டேன். ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். சற்று நேரம் தெருவைப் பார்த்தார்.

“சர்க்கரை அதிகம், சம்பந்தி. பன்னெண்டு வருஷமா.”

இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைத்தேன்.

“எனக்கும்தான்” என்று அங்கிருந்தே சொன்னேன்.