மாரண்டஹள்ளிக்கு வராத குரல்

மாரண்டஹள்ளி,
9-6-2025

யுவராணி அக்காவுக்கு,

கலைவாணன் எழுதுகிறேன். நேற்று உங்கள் ‘புதுக்குரல்’ நிகழ்ச்சியில் வந்த ‘பெட்டிக்கு ரெண்டு கிலோ’ என் பாட்டு. நானே எழுதி, நானே பாடி, என் அறையிலேயே பதிவு செய்தது. ஒலிபரப்பில் என் குரல் மட்டும் எங்கே போனது?

கிடார் வந்தது, பம்பை வந்தது. குரல் இல்லை. கிணற்றுக்குள் யாரோ முணுமுணுப்பது போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். அப்பா டீக்கடை ரேடியோவைச் சத்தமாக வைத்து, தக்காளி மண்டி ஆட்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்திருந்தார். மண்டிக்காரர் சென்றாயன் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏம்ப்பா மாரப்பா, உம் பையன் பாடறான்னு சொன்ன, வாயவே தொறக்கலியே?” பெட்டிக்கு இரண்டு கிலோ ‘கழிவு’ என்று எடையில் பிடித்துக்கொள்வது அவர்தான். பாட்டும் அதைப் பற்றித்தான். அப்பா டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

உங்கள் நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருவது ஒரு காய்கறி மொத்த வியாபாரக் கம்பெனி. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஓசூரில் சர்க்யூட் போர்டு சோதிப்பது என் வேலை. ஒரு பாட்டிலிருந்து குரலை மட்டும் உருவி எடுப்பது இன்றைக்கு எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். யார் சொல்லிச் செய்தீர்கள்?

பென் டிரைவோடு காகிதக் கடிதமும் வந்தால்தான் பாட்டைக் கேட்பேன் என்பது உங்கள் சட்டம். பதிலையும் காகிதத்திலேயே எழுதுங்கள். ஆதாரமாக இருக்கும்.

கலைவாணன்


சேலம்,
12-6-2025

அன்புத் தம்பி கலைவாணனுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம். போகட்டும்.

உங்கள் பாட்டில் நான் கை வைக்கவில்லை. ஸ்டுடியோவில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், குரல் தெளிவாக இருந்தது. அன்றைய ஒலிபரப்பின் பதிவை இதோடு அனுப்பியிருக்கிறேன், நீங்களே கேளுங்கள். நான் காரிமங்கலத்துக்காரி. சந்தைத் தராசைப் பார்த்து வளர்ந்தவளுக்கு உங்கள் பாட்டு எப்படிப் பிடிக்காமல் போகும்?

அதைப் போட வேண்டாம் என்று மேனேஜர் சொன்னது உண்மை. விளம்பரக்காரர் கோபித்துக்கொள்வாராம். “அப்ப நான் வூட்டுக்குப் போறேன் சார்” என்றேன். அதற்குப் பிறகுதான் விட்டார். சினிமாப் பாட்டு போட்டால் போதாதா என்பது அவர்கள் கட்சி. பெயர் தெரியாத பிள்ளைகளின் பாட்டை நான் நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்த ஒரு சாக்குதான் அவர்களுக்கு வேண்டும். அதனால் இதை வெளியே கொண்டு போகாதீர்கள், தம்பி. உங்கள் சந்தேகம் தீரும்வரை நாம் இரண்டு பேரும் பேசுவோம்.

29ஆம் தேதி பாப்பாரப்பட்டி தேவிப்பிரியாவின் முதல் பாட்டு வருகிறது. நர்சிங் படிக்கிற பெண். ஊரே காத்திருக்கிறதாம். நீங்களும் கேளுங்கள்.

பாட்டோடு வந்த கடிதத்தில் நைட் ஷிப்ட் என்று எழுதியிருந்தீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
யுவராணி


மாரண்டஹள்ளி,
17-6-2025

யுவராணி அக்காவுக்கு,

பதிவை இயர்போனில் கேட்டேன். குரல் அருமையாக இருக்கிறது. இருக்கத்தானே செய்யும்? நான் அனுப்பிய பாட்டையே எனக்குத் திருப்பி அனுப்பினால் குரல் இல்லாமல் எங்கே போகும்? டீக்கடையில் கேட்ட அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துவிட்டதா?

மேனேஜர் தடுத்தார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு எப்படி விட்டார்? குரலை எடுத்துவிட்டுப் போட்டுக்கொள் என்று பேசி முடித்திருப்பீர்கள். உங்கள் வேலையும் தப்பியது, அவர் விளம்பரமும் தப்பியது, என் வாய்தான் போனது. வெளியே சொல்லாதே என்று கெஞ்சுவது வேறு. பாப்பாரப்பட்டிப் பெண்ணின் கதை எதற்கு? என் மனசு இளகவா?

உங்கள் மேனேஜருக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் புகார் அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படம் எடுத்து இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டேன். நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

கலைவாணன்


காரிமங்கலம்,
25-6-2025

கலைவாணனுக்கு,

‘புதுக்குரல்’ முடிந்தது. மேனேஜர் உங்கள் புகாரை மேசைமேல் வைத்து, “எதுக்கும்மா நமக்கு இந்த வம்பு?” என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை, நிம்மதிதான் இருந்தது. காலையில் சினிமாப் பாட்டு போடுகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இங்கே அம்மா சமையல்கட்டில் ஒரு ரேடியோ வைத்திருக்கிறார், ஒற்றை ஸ்பீக்கர். உங்கள் பென் டிரைவை அதில் செருகினேன். கிடாரும் பம்பையும் முழங்கின. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா, “பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார்.

அதையே ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கிறது. பழைய சவுண்ட் இன்ஜினியர் ஒருவரைக் கேட்டேன். குரலுக்கு இரண்டு மைக் வைத்தீர்களாமே, பாட்டோடு அனுப்பிய கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்றின் ஒயரில் கம்பிகள் இடம் மாறியிருக்கும் என்றார். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போனால் தெரியாது. ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்து வந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடுமாம். டீக்கடை ரேடியோவுக்கு எத்தனை ஸ்பீக்கர்?

போடுவதற்கு முன்னால் நானும் அம்மா ரேடியோவில் ஒருமுறை கேட்டிருக்கலாம். அது என் தப்பு. மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவிப்பிரியாவுக்குப் போன் செய்ய எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

யுவராணி


மாரண்டஹள்ளி,
30-6-2025

யுவராணி அக்காவுக்கு,

மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது மைக் ஒயர். பற்றவைத்தது நான்தான். தினமும் ஊரான் செய்த போர்டில் குற்றம் கண்டுபிடிக்கிறவன், என் ஒயரைச் சோதிக்கவில்லை.

இன்டர்நெட்டில் போட்டதை எடுத்துவிட்டு உண்மையை எழுதினேன். அதை யாரும் பகிரவில்லை. உங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். “முடிஞ்ச விஷயங்க, விடுங்க” என்று வைத்துவிட்டார்.

நேற்று பாப்பாரப்பட்டிக்குப் போனேன். பாட்டுக்காரப் பெண் வீடு என்றதும் பஸ் ஸ்டாண்டிலேயே வழி காட்டினார்கள். வாசலில் பாய் விரித்துக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக்கு ஸ்பீக்கர் எடுத்துக் கட்டியிருந்தார்கள். தேவிப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை.

“இத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடிங்க? பாட்டு நல்லால்ல, அதான் நிறுத்திட்டாங்கன்னு நாளைக்கு இவங்கதான பேசுவாங்க? வாங்க, நீங்களே சொல்லுங்க.”

கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முன்வரிசையில் இருந்த சவுரியப்பன் என்கிற பெரியவர், “யாருப்பா நீ, ரேடியோ ஆபீஸ் ஆளா?” என்றார்.

“இல்லீங்க. நானும் பாட்டுக்காரன்தான்.”

“அப்ப ஒரு பாட்டுப் பாடு” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிகழ்ச்சி இனி வராது, நான் போட்ட புகாரால் நின்றுபோனது, அந்தப் புகார் தப்பு என்றேன். சிரிப்பு நின்றது. தேவிப்பிரியா பக்கத்திலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

“சத்தமாச் சொல்லுங்கண்ணா. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

மறுபடி சொன்னேன்.

கலைவாணன்