எண்பத்தேழாம் இதழில் ஒரு பேருந்து

கிளீவ்லாந்து, ஒஹாயோ
மார்ச் 12, 1995

அன்பு மகள் மர்லீனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் பனி பெய்யும் நாட்களில் முணுமுணுக்கிறது. அங்கே போர்ட்லாந்தில் மழை விட்டதா? ஜன்னல் ஒழுகுகிறது என்றாயே, வீட்டுக்காரர் வந்து பார்த்தாரா? தொலைபேசியில் பேசினால் மூன்று நிமிடத்துக்கு மேல் எனக்குப் பேச்சு ஓடாது என்பது உனக்குத் தெரியும். இன்று சொல்ல வேண்டியது மூன்று நிமிடத்தில் அடங்காது, அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ பேசியபோது, நியூயார்க்கிலிருந்து உன் பழைய பதிப்பாளர்கள் 'கலங்கரை' படக்கதையின் இருநூறாம் இதழை நீயே எழுத வேண்டும் என்று கேட்டிருப்பதாகச் சொன்னாய். இந்த மாத இறுதிக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்றும், மாட்டேன் என்று எழுதப் போவதாகவும் சொன்னாய். ஏன் என்று கேட்டதற்கு, "அது முடிஞ்சு போன கதைப்பா. நான் எழுதினதுல பேர் வாங்கினதே ஒரு தப்புதான்" என்றாய். எந்தத் தப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். தயவுசெய்து இதை முழுவதும் படித்த பிறகு நியூயார்க்குக்கு எழுது.

நம் ஸ்லோவேனியன் மன்றத்தில் வார இறுதிகளில் நாற்காலி போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியுமே. நேற்று மத்தியானம் கீழ்க்கூடத்தைப் படக்கதை வாசகர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். செயின்ட் கிளேர் தெருவில் கடை வைத்திருக்கும் கார்ல் ஏற்பாடு செய்த கூட்டம். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் "எம். கோசிரின் மூன்று வருடங்கள்: கலங்கரையை உயர்த்தினாரா, கெடுத்தாரா?" என்று இருந்தது. கோசிர் என்பது உன் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். எழுத்துக்கு நீ அதை எடுத்துக்கொண்டு, என் பெயரான ஓப்லாக்கைப் போட்டுக்கொள்ளாதது அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நேற்று அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. நாற்காலி போட்ட கிழவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

நாற்பது நாற்காலி போதும் என்று கார்ல் சொல்லியிருந்தார். வந்தவர்கள் நூறு பேருக்கு மேல். சிலர் டெட்ராய்ட்டிலிருந்து காரோட்டி வந்திருந்தார்கள். நாற்பது வயது மனிதர் ஒருவர் கதாநாயகன் கலங்கரையின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வயிறு அவருக்கு ஓர் அடி முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை மீன் பொரித்த வாசனை இன்னும் கூடத்தில் போகவில்லை, ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உன் எழுத்தைப் பற்றிச் சண்டை போட அத்தனை அவசரம்.

எண்பத்தேழாம் இதழின் பதினொரு பக்கங்களைப் பெரிதாக்கிச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மர்லீன். உன் இதழ்களை மாதம் தவறாமல் வாங்கினேன். எண்பத்தாறு வரை படித்தேன். எண்பத்தேழைப் பிரித்ததும் முதல் பக்கத்திலேயே ஒரு பேருந்தின் நெற்றியில் 22 என்று எழுதியிருந்தது. மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். நீ கேட்டபோது "நல்லா இருந்ததும்மா" என்றேன். அது பொய். ஒன்பது வருடமாக அதை நான் படிக்கவில்லை. நீ என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் முதலில் பேசியவர் வெண்டல் என்று ஒருவர். கொலம்பஸ் பக்கத்திலிருந்து எண்பத்து மூன்றில் இங்கே வந்து, பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். "புகழ்பெற்ற பிழை" என்று உன் இதழைப் பற்றி வாசகர் பத்திரிகையில் கட்டுரை எழுதியவர் இவர்தானாம். கையில் அச்சடித்த பேருந்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஆட்டினார். "இருட்டினாத்தான் கலங்கரைக்கு சக்தி, பகல்ல அவன் சாதா மனுஷன், சரி, ஒத்துக்கறேன். அம்மா சாகக் கிடக்கா, பஸ்ல ஏறுறான். ஆனா இந்த 22ஆம் நம்பர் பஸ் பாலத்தைத் தாண்டி ஒன்பதே நிமிஷத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிடும். கதையில அது கீழே எஃகு ஆலையைச் சுத்திட்டுப் போகுது. அந்தத் தெருவுல 22 ஓடுறதே இல்லை. ஊர் தெரியாம எழுதிட்டு, அவனை லேட்டாக்கி, நம்மள அழ வச்சிருக்காங்க. போதாததுக்கு அந்த டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்லயும் நின்னு நின்னு போறான். எவன்யா அப்படிப் போவான்?" என்று கேட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள்.

நான் சுவரோரமாக நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எவன்யா அப்படிப் போவான் என்பதைத்தான் பதினாறு வருடமாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது யோலாண்டா என்ற பெண் எழுந்தாள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள், முப்பது வயதிருக்கும், நல்ல கணீர்க் குரல். "வெண்டல், நீங்க அட்டவணையப் பாத்த நேரத்துல ஏழாம் பக்கத்தைப் பாத்திருக்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சுவரருகே போய் அந்தப் படத்தைக் காட்டினாள். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது. மதிய உணவு டப்பாவுடன் ஓர் ஆள், குழந்தையுடன் ஒரு பெண். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவன் மனதில் நினைப்பதாக நீ எழுதியிருந்ததை அவள் உரக்கப் படித்தாள்: "இங்க நிக்கறவங்களும் யாரையோ பாக்கத்தான் போறாங்க."

"இதுக்கு முன்னாடி எண்பத்தாறு இதழ்லயும் கலங்கரை ஜனங்க தலைக்கு மேல பறந்தான். இதுக்கு அப்புறம்தான் நின்னான்" என்றாள் யோலாண்டா. "தொலைஞ்ச நாய்க்கு நின்னான், வாடகை கட்ட முடியாத கிழவிக்கு நின்னான். கோசிர் போனப்புறம் வந்த அஞ்சு எழுத்தாளரும் அவனை மறுபடி மேல ஏத்த முடியலை. மத்த கம்பெனி ஹீரோக்களும் இப்ப நிக்கக் கத்துக்கிட்டாங்க. இதெல்லாம் அந்த டிரைவர் கிட்டேர்ந்து வந்தது." இந்த முறை மற்றப் பாதியும் கைதட்டியது. நீலச் சட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெண்டல் விடவில்லை. "உருக்கமா இருக்கு. ஆனா பிழை பிழைதானே. தப்பான ரோட்டுல கட்டின கதை" என்றார். அவர் பொல்லாதவர் இல்லை, மர்லீன். கணக்கு சரியாக வர வேண்டும் என்று நினைக்கிற மனிதர். என்னைப் போலத்தான்.

நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று கேட்காதே, கை தானாகப் போனது. கார்ல் நாற்காலி போதவில்லையோ என்று நினைத்துக்கொண்டு, "இருக்கறதை வச்சு சமாளிச்சுக்கறோம் ஐயா" என்றார். நாற்காலி விஷயம் இல்லை, பேருந்து விஷயம் என்றேன். எழுபத்தொன்பது ஆகஸ்டில் பாலத்தைப் பழுது பார்க்க ஆறு வாரம் மூடியிருந்தார்கள் என்றும், அந்த ஆறு வாரமும் 22 எஃகு ஆலையைச் சுற்றித்தான் போனது என்றும், அதைச் சுவரொட்டியில் போட்டார்களே தவிர அட்டவணையில் அச்சடிக்கவில்லை என்றும் சொன்னேன். எந்தத் தெருவில் திரும்பினோம், எந்த நிறுத்தத்துக்குப் பிறகு எது என்று ஒன்பது நிறுத்தங்களையும் வரிசையாகச் சொன்னேன். ஒருவர் சுவரிலிருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதும் சரியாக இருந்தது. ஐந்தாவது நிறுத்தத்தில் இருந்த உடைந்த பெஞ்சைக்கூட நீ மறக்கவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு துல்லியமாத் தெரியும்?" என்று வெண்டல் கேட்டார். "நான்தான் ஓட்டினேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உங்களுக்குத் தெரியும். எழுதினவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். முன்பு என்றால் அப்படித்தான் செய்திருப்பேன். "அவ அந்த பஸ்ல இருந்தா. எனக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு. அவ என் பொண்ணு" என்றேன்.

முதலில் யோலாண்டா எழுந்து நின்றாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் நின்றார்கள். வெண்டலும் நின்றார். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியிருக்கிறேன், எனக்காக ஒருவரும் எழுந்து நின்றதில்லை. என்னைப் பார்த்துத்தான் நின்றார்கள், ஆனால் உனக்காக நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பெருமையாக இருந்தது மர்லீன், வாய்விட்டே சொல்கிறேன். நீ செவிலியர் படிப்பை விட்டபோது "படம் பாக்கறவங்களுக்குக் கதை எழுதி என்ன ஆகப் போகுது" என்று கேட்டவன் நான். அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் வெண்டல் என்னிடம் வந்து, "ஒன்பது வருஷமா தப்பு தப்புன்னு எழுதிட்டிருந்தேன். தப்பு என்னோடது. அதையும் அதே பத்திரிகையில எழுதறேன்" என்று கையைக் குலுக்கினார். கதையில் யாராவது பிழை கண்டுபிடித்தால், அது பிழையே இல்லை என்று காரணம் காட்டுகிற வாசகருக்குப் பதிப்பாளர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நீலத் தகரப் பதக்கம் அனுப்புவார்களாமே. உனக்குத் தெரிந்த வழக்கம்தான், எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. எண்பத்தேழாம் இதழுக்கு மட்டும் கடைசி வரை யாருக்கும் அது கிடைக்கவில்லையாம். கார்ல் பதினைந்து வயதில் தான் வாங்கிய பதக்கத்தைத் தன் சட்டையிலிருந்து கழற்றி என் கோட்டில் குத்திவிட்டார். இன்று காலை அதோடுதான் தேவாலயத்துக்குப் போனேன். பாதிரியார் என்ன சங்கம் என்று கேட்டார். என் மகளுடைய சங்கம் என்றேன்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடிக்காமல் அந்தப் பதினொரு பக்கங்களையும் படித்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வெண்டலின் கட்டுரைக்கு நீ ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். எங்க அப்பாதான் அந்தப் பேருந்தை ஓட்டினார் என்று. உன் பெயர் நிமிர்ந்திருக்கும். நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, சாகக் கிடந்தது யாருடைய மனைவி, அவர் ஏன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றார் என்று வந்திருக்கும். என்னை அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்ற, உன் பெயரில் ஒரு பிழையை ஒன்பது வருடம் சுமந்திருக்கிறாய்.

அன்றைக்கு நீ மூச்சிரைக்க ஏறி, "அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம்பா" என்றாய். பின்னால் இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். நிற்காமல் போயிருந்தால் அவர்களில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் நின்றேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான், கை வேறு எதையும் செய்யவில்லை. ஆறு நிமிடம் பிந்திப் போனோம், அதற்குள் உன் அம்மா போய்விட்டாள். நீ எனக்குப் பின்னால் உட்கார்ந்து என்னை வெறுத்துக்கொண்டிருந்தாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ அங்கே உட்கார்ந்து நினைத்தது என்ன என்று நேற்று ஏழாம் பக்கத்தில்தான் படித்தேன்.

இனி நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை. நூறு பேர் முன்னால் நானே சொல்லிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை. நியூயார்க்குக்கு சரி என்று எழுது. உன் கையில் இருக்கும்போதுதான் அவன் நிற்கிறான் என்று தபால் நிலையத்துப் பெண் சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எழுதுகிற தொழில் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பதினொரு பக்கத்திலும் ஓட்டுநர் வாயே திறக்கவில்லை, அவன் முதுகு மட்டும்தான் தெரிகிறது. இருநூறாம் இதழில் இடம் இருந்தால் அவனுக்கு ஒரு வரி கொடு. கடைசி நிறுத்தம் வந்ததும் அவன் திரும்பி, இரண்டாவது இருக்கையைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா" என்று சொல்லட்டும். அதற்கு என்ன பதில் வரும் என்பதை உன்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா,
ரூடி ஓப்லாக்