தட்டிப் பார்க்காமல் எழுதிய சொல்

3 ஜூன் 2024, திங்கள்

வீடுகளைச் சர்வே செய்ய இன்ஜினீயர் பரத் வந்தார். மூடிய தங்கச் சுரங்கத்தின் சாம்பியன் ரீப்ஸ் குடியிருப்பில் எங்கள் லைன் வீடுகள் முழுவதையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். அடுத்த வீட்டு ஞானசுந்தரி வெளியே போயிருந்தார். தெருவில் நின்றபடியே அவர் வீட்டுத் தகரக் கூரையைப் பார்த்து, 41ஆம் எண்ணுக்கு எதிரே ‘அன்இன்ஹாபிடபிள்’ என்று எழுதினார் பரத். வாழத் தகுதியற்றது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். படிக்காமல் போட்டேன் என்று இங்கே எழுத ஆசை. படித்தேன். படித்த பிறகுதான் போட்டேன். அந்தத் தாள் நிலைத்தால் ஒரு மாதத்தில் ஞானசுந்தரி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

4 ஜூன்

சுரங்க ஆபீசில் முப்பத்தொரு வருடம் இப்படிப்பட்ட சொற்களை டைப் அடித்தவன் நான். ‘அன்வொர்க்கபிள்’, வேலை செய்ய முடியாதது, என்று அடித்தால் சுரங்கத்தில் ஒரு லெவலையே மூடுவார்கள். ‘இர்ரெகவரபிள்’, மீட்க முடியாதது, என்று அடித்தால் உள்ளே சிக்கியவர்களைத் தேடுவதை நிறுத்துவார்கள். முன்னால் ஒரு மறுப்பு, பின்னால் ஒரு ‘ஏபிள்’. யாரால் முடியாது என்று மட்டும் அந்தச் சொல் சொல்வதே இல்லை. நானும் கேட்டதில்லை. 1987இல் என் பைலில் ‘பதவி உயர்வுக்கு அன்சூட்டபிள்’, தகுதியில்லாதவன், என்று எழுதினார்கள். அதையும் நானே டைப் அடித்தேன். பிழையில்லாமல்.

5 ஜூன்

ஞானசுந்தரியிடம் இன்னும் சொல்லவில்லை.

6 ஜூன்

சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று வாசலிலேயே நின்றேன். அவர் சிரித்தார்.

“இருக்க முடியாதுன்னா இன்னாண்ணா அர்த்தம்? நாப்பது வருசமா இங்க இருக்கறது யாரு, பேயா?”

பிறகு ஒரே கேள்வி: “தட்டிப் பாத்தாரா?”

இல்லை என்றேன்.

“தட்டாமயே எழுதிட்டாரா!”

அவருடைய கணவர் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுத்த டிம்பர்மேன். கீழே இறங்கியதும் தட்டிச் சத்தம் கேட்காமல் எந்த மரத்தையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

8 ஜூன், சனி

கணவரின் இரும்புத் தடியோடு ஞானசுந்தரி ஏணியில் ஏறினார். வயது அறுபத்தாறு. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு குறித்தேன். கூரையைத் தாங்கும் மரச் சட்டங்கள் பதினொன்று. ஒன்பது ‘டங்’ என்றன. இரண்டு ‘பொத்’. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒருமுறைகூடத் தயங்கவில்லை. எத்தனை டிம்பர்மேன்களின் பெயரை டைப் அடித்திருப்பேன்! அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்கிறேன்.

11 ஜூன்

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து புது மரம் வந்து, உளுத்த இரண்டையும் மாற்றியாகிவிட்டது. நாளை பரத்தை வரச் சொல்லியிருக்கிறார் ஞானசுந்தரி. என் வேலை ஏணி பிடிப்பதோடு முடிந்ததா? முடிந்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

12 ஜூன், புதன்

பரத் வந்ததும் ஞானசுந்தரி காப்பி கொடுத்தார். குடித்ததும் தடியை அவர் கையில் கொடுத்தார். “தட்டுங்க சார். ஒண்ணையும் வுடாதீங்க.”

பரத் பதினொன்றையும் தட்டினார். முகம் மாறியது. “மரம் நல்லாதாம்மா இருக்குது. ஆனா ரிப்போர்ட் போயிடுச்சே. சாட்சி வேற கையெழுத்து போட்டிருக்காரு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சாட்சியும் தட்டிப் பாக்கல” என்றேன்.

“சத்தமா சொல்லுங்கண்ணா, சாருக்குக் காது கேக்கட்டும்!”

சத்தமாகச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், காரணம், தட்டிப் பார்க்காமல் போட்டது. பதினொரு சட்டங்களின் நிலையையும் வரிசையாகச் சேர்த்தேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. மாற்றி எழுதவில்லை.

29 ஜூன், சனி

காலி செய்ய வேண்டிய வீடுகளின் பட்டியலிலிருந்து 41ஆம் எண் நீங்கியதாகக் கடிதம் வந்தது. அதை ஞானசுந்தரிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். “சரி” என்று மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். அவ்வளவுதான்.

6 ஜூலை, சனி

காலையில் தடியோடு என் வாசலில் நின்றார். “உங்க வூட்ட யார் தட்டிப் பாக்கறது?”

எனக்கு எழுபத்து நாலு வயது, ஏணி ஏறிப் பழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஏணியைச் சுவரில் சாய்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சட்டங்கள் பத்து. ‘பொத்’ என்றது மூன்று. தட்டியது நான்.