எண் தெரியவில்லை என்று கழிக்கப்பட்ட நூற்றுப் பன்னிரண்டு பாடநூல்கள்

அனுப்புபவர்:
அ. கஸ்பர்,
உதவி பிட்டர் (இயந்திரப் பராமரிப்பு), தேயிலைத் தொழிற்சாலை,
லின்டேல் தோட்டம், நோர்வூட்.

பெறுபவர்:
பிராந்தியக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
நுவரெலியா.

விடயம்: திருத்திய பாடநூல்களைக் கழிவுத்தாளாக ஏலம் விடுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மாதம் 28ஆம் திகதி எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கழிவுத்தாள் ஏலம் நடக்கவிருக்கிறது. அதில் போகவிருக்கும் 112 பாடநூல்கள் கழிவு அல்ல. அவற்றைத் திருத்தியவன் நான். எங்கள் தோட்டப் பாடசாலையின் எட்டாம் வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள். அவர்கள் கையில் இருக்கும் விஞ்ஞான நூல் மூன்று. ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

2. அரசாங்கம் இலவசமாகத் தரும் நூல்களைப் பிள்ளைகள் ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க, அடுத்த வகுப்பார் அவற்றைப் பெறுவது தாங்கள் அறிந்த ஒழுங்கு. பிள்ளைகள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதும் தாங்கள் அறிந்ததே. நூல்கள் நனைந்து, பூஞ்சணம் பிடித்துத் திரும்பின. கடந்த டிசம்பரில் தலைமையாசிரியர் ஞானரட்ணம் அவர்கள் அவற்றைக் காட்டி, ஏதும் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

3. செய்தது இது. தொழிற்சாலையில் கொழுந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரின் அனுமதியுடன், கொழுந்து வாட்டும் மாடியில் நூல்களைப் பரப்பி ஆறு மணித்தியாலம் காற்றாடி விட்டோம். பூஞ்சணத்தைத் துடைத்தோம். கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் சாக்கு ஊசியால் சிவப்பு நூல் கோத்துத் தைத்தார்கள். கோதுமைமாப் பசையில் பூச்சி அரிக்காதிருக்கத் துத்தம் கலந்து, தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளின் வெட்டுத்துண்டுகளால் அட்டை போட்டேன். தேயிலைக்குள் ஈரத்தை விடாத தாள் புத்தகத்துக்குள்ளும் விடாது. இன்னும் ஐந்து வருடம் தாங்கும்.

4. ஒரு பிழை நடந்தது. அது என் பிழை. முதலில் ஒட்டிய 46 நூல்களில், உள்ளட்டையில் இருந்த திணைக்கள முத்திரையும் எண்ணும் தாளுக்கு அடியில் போய்விட்டன. மற்ற 66 நூல்களில் எண் பளிச்சென்று தெரிகிறது.

5. ஜனவரியில் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பிய நூல்கள் திரும்பி வரவில்லை. நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒரு நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது புஸ்தகமா, தேயிலைப் பெட்டியா? நம்பர் இல்லாட்டி புஸ்தகமே இல்ல" என்றார். பசை ஆவியில் இளகும் என்று சொல்லி, அவருடைய தேநீர்க் கேத்தலின் மூக்கிலேயே அந்த நூலைப் பிடித்துக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் தாள் உரிந்து எண் வெளியே வந்தது. வாசித்துப் பார்த்தார். பிறகு, "கழிச்சு கையெழுத்து வச்சாச்சு தம்பி, இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார். எண் தெரிந்த 66 நூல்களை ஏன் கழித்தீர்கள் என்று கேட்டேன். எல்லாம் ஒரே கட்டுக்குள் இருந்தனவாம்!

ஐயா, எங்கள் தொழிற்சாலையில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றுவோம். கொழுந்து உருட்டும் முழு உருளையையும் ஆற்றில் தள்ளுவதில்லை. அப்படித் தள்ளுகிறவனுக்கு மறுநாள் வேலையும் இல்லை.

6. நூல்கள் அந்த அலுவலகத்தின் பின் வராந்தாவில் கிடக்கின்றன, சாரல் அடிக்கிறது. ஏலத்துக்கு முன்பே அவை வெளியே போகத் தொடங்கிவிட்டன. போன சனிக்கிழமை நாகலெட்சுமி அக்கா கடைவீதியில் நெத்தலிக் கருவாடு வாங்கினார். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தவர் நேரே என்னிடம் கொண்டுவந்தார். தாளின் ஓரத்தில் சிவப்பு நூல் தொங்கியது. "இது நான் தச்ச நூலு தம்பி. கருவாடு கட்டவா ராவும் பகலும் தச்சேன்?" என்று கேட்டார். அவர் மகள் மீனம்மா அதே எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். பக்கத்து லயத்துப் பிள்ளையின் நூலை இரவல் வாங்கிக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதிவந்த பாடம்தான் கருவாட்டோடு வீடு வந்து சேர்ந்தது. நாகலெட்சுமி அக்காவின் கேள்வியைத் தங்களுக்கே அனுப்புகிறேன். தங்களிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறேன்.

7. நான் கேட்பவை: 28ஆம் திகதி ஏலத்திலிருந்து எங்கள் நூல்களை நீக்க வேண்டும். 66 நூல்களை உடனே பாடசாலைக்குத் தரவேண்டும். மிகுதி 46 நூல்களின் எண்களையும் எந்த அதிகாரியின் முன்னிலையிலும் ஒரே நாளில் வெளியே எடுத்துக் காட்டுகிறேன். கேத்தல் நானே கொண்டு வருவேன். வராந்தாவிலிருந்து நூல்கள் கடைக்குப் போனது எப்படி என்றும் விசாரிக்க வேண்டும். புதிய நூல்கள் அடுத்த வருடம் வரும் என்கிறார்கள். அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருக்கமாட்டார்கள்.

என் சொற்களில் கடுமை இருந்தால் அதற்கு என்னைக் கண்டிக்கலாம். நூல்களைத் தந்துவிட்டுக் கண்டியுங்கள்.

நோர்வூட்,
11.02.1984

இப்படிக்கு,
அ. கஸ்பர்

இணைப்பு: எட்டாம் வகுப்பு விஞ்ஞானம், 63–64ஆம் பக்கங்கள், ஒரு தாள் (கருவாட்டு எண்ணெய் பட்டது, மின்சுற்றுப் படம் இன்னும் தெரிகிறது). பார்த்தபின் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். திரும்பத் தைக்க வேண்டும்.