தகர வால் வைத்த காற்றாலை

மார்ச் 9, திங்கள். காலை எட்டுக்கே மாடித் தரை சுடுகிறது.

முக்கிய அறிவிப்பு. மொட்டை மாடி மின்வாரியத்தின் தலைவரும் தலைமைப் பொறியாளரும் ஒரே லைன்மேனுமாகிய முரளி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, இன்று காலை 8.10 மணிக்குத் தமது காற்றாலையின் வாலில் கூடுதலாக ஒரு திருகாணியை முடுக்கினார். நாட்டு மக்கள் அமைதி காக்கவும். மக்கள் சார்பில் அம்மா: "பரீட்சைக்குப் படிக்க லீவு வுட்டா ஸ்குரூ முடுக்கறான் பாரு, எரும."

காற்றாலை (சுருக்கமாக கா.ஆ.) விவரம்:
றெக்கை 3: பிளந்த பிவிசி பைப்.
மோட்டார்: செத்துப்போன பிரிண்டரில் கழற்றியது.
வால்: மூடிப்போன சலூனின் தகரப் பலகை. "கட்டிங்" மட்டும் இன்னும் படிக்க வருகிறது.
இடம்: மாடியின் மேற்கு ஓரம், அப்பாவின் சோலார் தகடுகளுக்குப் பக்கத்தில். சனிக்கிழமை நட்டேன்.
பல்பு: 1. எரிகிறது! தெருவே வந்து பார்த்தது. நன்றி, நன்றி.

நம் கம்பெனி இப்படி ஓட, அப்பாவின் எட்டுத் தகடும் படுத்துக்கொண்டன. மூன்றாவது நாளாக மத்தியானம் மூன்று மணிக்கு, அவற்றில் ஓடும் போர் மோட்டார் நின்றுவிட்டது. அம்மா பச்சை வலைக்குடிலில் தக்காளி நாற்று விட்டிருக்கிறாள். தட்டில் மண் கிடையாது, தேங்காய் நார்த்தூள். மத்தியானத் தண்ணீர் தவறினால் தலை தொங்கிவிடும். சனிக்கிழமை பாலக்கோட்டுக்காரர் ஏற்ற வருகிறார். மொத்தமும் அவருக்குச் சொன்ன நாற்று.

மார்ச் 10, செவ்வாய். அதே வெயில். கணக்கு 2 பாடம் (புத்தகம் திறந்திருந்தது).

பொம்மிடியிலிருந்து சோலார் மெக்கானிக் அண்ணன். அவர் வந்தது காலை பத்துக்கு. மோட்டார் நல்ல பிள்ளையாக ஓடியது.

"தகடு, வயரு எல்லாம் பக்காங்க. காக்கா எச்சம் இல்லாம தொடச்சி வெச்சிக்கங்க, ஒரு தகடு மறைஞ்சா மொத்த வரிசையும் மந்தமாயிடும். மத்தபடி தண்ணிதான் கொறஞ்சிருக்கும்."

டீ குடித்தார், போய்விட்டார். மூன்று மணி. மோட்டார் நின்றது.

தண்ணீர் என்றதுமே அப்பாவின் கண் வேலிக்கு அந்தப்பக்கம் போயிருந்தது. அங்கே பெரியப்பா போன வாரம் புது போர் போட்டிருக்கிறார். மத்தியானத்தில்தான் ஓட்டுகிறார்.

"ஏண்ணா, என் வூட்டுத் தண்ணிய உறிஞ்சித்தான் உன் கரும்பு வெளையணுமா?"

"டேய் மாணிக்கம், பூமிக்குள்ள உன் பேரு எழுதியாடா வெச்சிருக்குது?"

பெரியப்பா போட்டது ஒரு போர். அப்பா தொடுத்தது இன்னொரு போர். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 11, புதன். காற்று உண்டு.

தெருக்குழாயிலிருந்து அம்மா குடம் குடமாக. நானும் பதினான்கு குடம், தோள் போச்சு. இருந்தும் ஓர வரிசை நாற்று தொங்கிவிட்டது. அம்மா என்னைத் திட்டவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு கா.ஆ.வை வீடியோ எடுக்க மாடிக்குப் போனேன். தகர வாலின் நிழல் ஓரத் தகட்டின் மேல், பாய் விரித்த மாதிரி. கீழே மோட்டார் நின்றது. வாலைக் கையால் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் கீழே உர்ர்ர். விட்டேன். கப்சிப். திருப்பினேன். உர்ர்ர்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன காக்கா எச்சம் நான்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. வாலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தாயிற்று. பிரச்சினை ஓவர். சத்தமில்லாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவன் யார்? தன் பெயரைச் சொல்ல அவன் விரும்பவில்லை.

மார்ச் 12, வியாழன்.

ஓவர் ஆகவில்லை. மூன்று மணிக்கு மோட்டார் ஓடியது. நாற்று நிமிர்ந்தது. அப்பா அதைவிட நிமிர்ந்தார்.

"பாத்தியா! சத்தம் போட்டதும் பயந்து நிறுத்திட்டாரு பெரிய மனுசன். அப்ப இத்தினி நாளு அவுருதான்!"

வேலியோரம் போய் அதையே கத்தினார். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் சிவப்பு.

"நான் எதுக்குடா நிறுத்தணும்? வந்து பாரு, ஓடிகினுதான் இருக்குது!"

"பொய்யி வேற சொல்றியா? ஞாயித்துக்கெழம உன் பொண்ணு நிச்சயத்துக்கு எங்க வூட்டுல இருந்து ஒரு ஆளு வரமாட்டோம்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். உள்ளே போய்விட்டார். நிச்சயப் பெண் வள்ளி அக்கா மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெசமாவே சித்தப்பா வரமாட்டாராடா?"

செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். செருப்பு காலில்தான் இருந்தது.

சோறு இறங்கவில்லை, முட்டை இருந்தும். சொன்னால் அடி நிச்சயம். சொல்லாவிட்டால் நிச்சயமே சந்தேகம்.

மார்ச் 13, வெள்ளி. வேண்டிக்கொண்டும் ஒரு துண்டு மேகம் இல்லை.

மத்தியானம் வாலை மறுபடி மாட்டினேன். அம்மாவிடம் முதலில் சொன்னேன். கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு நேராக வேலிக்குப் போய்ப் பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒரு நிமிசம் எங்க மாடிக்கு வாங்க. இவன் உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சொல்லணுமாம்."

அப்பா ஒரு மூலை, பெரியப்பா ஒரு மூலை. நடுவில் நான், திருட்டு முழி. நிழல் விழுந்தது, மோட்டார் நின்றது. வாலைத் திருப்பினேன், ஓடியது. மூன்று தடவை காட்டினேன்.

"பெரியப்பா மேல தப்பில்லப்பா. எல்லாம் என் வாலுதான்."

அப்பா கை ஓங்கினார். பெரியப்பா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்ததை உடனே விடவில்லை.

"வுடுடா மாணிக்கம். இந்த வயசுல கரண்டு எடுத்திருக்கான் பாரு."

அப்பா மூச்சு வாங்கினார். "அது ஒண்ணுதான்ணா உருப்படியா பண்ணான்."

"ஞாயித்துக்கெழம பந்தலுக்கு இதுலயே லைட்டு போட்டுடலாம். சம்பந்தி வூட்டுக்காரங்க அசந்துடணும். நீயே முன்னால நின்னு காட்டு."

"சரிண்ணா."

இருவரும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மார்க் ஷீட்டை அப்பா ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அப்பா தலைகுனிந்து நிற்பாரே.

"அது... காத்துல எரியலைங்க பெரியப்பா."

காற்றாலைக் கம்பத்துக்குள் கையை விட்டு, டார்ச் லைட் பேட்டரியை வெளியே எடுத்தேன். பல்பு அணைந்தது. றெக்கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது இதுவரை ஒரு மினுக்குக்கூடக் கொடுத்ததில்லை. நோட்டே, உன்னிடமும் பீலாதான் விட்டேன். ஸாரி.